ஒத்ததிர்வுக் குழாய்: ஐந்து ஆண்டுக்குப் பிறகும் தரை ஈரம்தான்

ரப்பர் குழாயை மாற்றிய கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் பாராட்டும் திட்டும் கலந்தே வரும்.

கருவி, அதாவது ஒலியின் வேகத்தை அளக்கும் ஒத்ததிர்வுக் குழாய், பலருக்கும் தெரிந்ததுதான். ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய், உள்விட்டம் 3 செ.மீ. பின்னால் அளவுகோல். பக்கத்துக் கம்பியில் ஏறி இறங்கும் 500 மி.லி. நீர்த்தொட்டி. இரண்டையும் இணைக்கும் ரப்பர் குழாய். வாயருகே இசைக்கவையை (தட்டினால் ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கும் இருகிளை எஃகு) பிடித்தபடி நீர்மட்டத்தை இறக்கினால் ஓரிடத்தில் ஒலி பொங்கும், அதுதான் ஒத்ததிர்வு. அந்த நீளத்தோடு முனைத்திருத்தத்தை (அலை குழாய் வாய்க்குச் சற்று வெளியே நீளும் தூரம்) கூட்டினால் கால் அலைநீளம். அடுத்துப் பொங்கும் இடம் முக்கால் அலைநீளம். இரண்டின் வித்தியாசத்தை 2 ஆலும் அதிர்வெண்ணாலும் பெருக்கினால் ஒலியின் வேகம் வந்துவிடும். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

நேராகத் தொட்டிக்கு வருகிறேன். இந்தக் கருவியின் சாபம் அதுதான்.

குழாயின் குறுக்குப் பரப்பு 7.07 ச.செ.மீ. அதாவது நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 7 மி.லி. தண்ணீர் தொட்டிக்குப் போகும். குழாயை வாய்க்கு 5 செ.மீ. கீழ்வரை நிரப்பி, தொட்டியின் அடியில் 50 மி.லி. விட்டுத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று 30 டிகிரி. 512 ஹெர்ட்ஸ் கவைக்கு இரண்டாம் ஒத்ததிர்வு 50 செ.மீ. அருகே வரும். தொட்டிக்குப் போன நீர் 320 மி.லி., பிரச்சினையில்லை. 384 கவைக்கு 67 செ.மீ. வரை இறக்க வேண்டும். தொட்டியில் இப்போது 490 மி.லி., விளிம்பு தொடும் நிலை. அந்த நிலையில் ஒரு கையால் திருகைத் தளர்த்தி, மறுகையால் கவையைப் பிடித்து, காதைக் குழாயருகே வைத்திருப்பவரின் முழங்கையில் தண்ணீர் வழியும். 320 கவைக்கு 81 செ.மீ. இறக்க வேண்டும். அங்கே சந்தேகமே வேண்டாம், தரை நனையும்.

256 கவையைப் பற்றி என்ன சொல்ல? அதன் இரண்டாம் ஒத்ததிர்வு 101 செ.மீ. தாண்டி வருகிறது, குழாயோ 100 செ.மீ. கவைப் பெட்டியில் முதலில் கைக்கு வருவது அந்தக் கவைதான். அதை வைத்து இரண்டாம் அளவீட்டைத் தேடுபவர் குழாயின் அடி கார்க் வரை இறக்கிவிட்டு, கவையைத்தான் சந்தேகப்படுவார். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. 288 கவைக்கு 90 செ.மீ. என்பதால் கணக்கில் இடமிருக்கிறது. ஆனால் நீர்மட்டம் அங்கே நிற்க வேண்டுமானால் தொட்டியும் அந்த உயரத்துக்கு இறங்க வேண்டும். தாங்கியின் அடிப்பலகை அதை விடாது. தொட்டியைக் கம்பியிலிருந்து கழற்றி மேசைக்குக் கீழே கையில் பிடித்துக்கொள்வதுதான் வழி.

நியாயமாகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் ஒத்ததிர்வுக்கும் இரண்டாவதற்கும் இடையே உள்ள தூரம் எப்போதும் அரை அலைநீளம்தான். 320 கவைக்கு அது 54.5 செ.மீ., தண்ணீர்க் கணக்கில் 385 மி.லி. 288 கவைக்கு 428 மி.லி. ஆக, முதல் ஒத்ததிர்வுக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே மட்டும் நிரப்பித் தொடங்கினால் 500 மி.லி. தொட்டியே போதும். செய்தவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். முதல் இடம் எங்கே வரும் என்பதையும் முன்கூட்டியே கணிக்கலாம். 0 டிகிரியில் ஒலியின் வேகமான 331ஓடு வெப்பநிலையின் 0.6 மடங்கைக் கூட்டி, அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்து, செ.மீ. ஆக்கி, முனைத்திருத்தம் 0.9 செ.மீ. கழித்தால் தீர்ந்தது. ஆனால் கையேடு 'குழாயை வாய்வரை நிரப்பவும்' என்கிறது. வேகத்தைக் கண்டுபிடிக்க வந்தவரிடம் முதலில் வேகத்தைத் தெரிந்துகொண்டு தண்ணீர் ஊற்று என்பதும் கொஞ்சம் அநியாயம்தான்.

1 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி மாற்றிப் பார்த்தால் வழிவது நிற்கும், வேறொரு தொல்லை தொடங்கும். நிறைந்தால் எடை ஒரு கிலோவுக்கு மேல். வளையத்தின் திருகு அதைத் தாங்காமல் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வழுக்கும், ஒத்ததிர்வைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நீர்மட்டம் நழுவும். கம்பிக்கும் திருகுக்கும் இடையே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகினால் பிடிக்கும். அதைவிட நல்லது, குழாயின் அடியில் ரப்பர் மேல் ஒரு பின்ச் காக் (குழாயை நெரித்து மூடும் கவ்வி) போட்டு, மட்டம் வந்ததும் இறுக்கிவிடுவது. தொட்டி எங்கே போனாலும் அளவீடு நகராது.

இனி பழுது. ரப்பர் விரிசல் விட்டது கண்ணாடி முனையை ஒட்டிய இடத்தில். தொட்டி கீழே போகும்போதெல்லாம் அதே இடத்தில் மடங்குவதால் ரப்பர் அங்கேதான் முதலில் இறுகிக் கெடும். கசிவு கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் தொட்டிப் பக்கத்தில் பின்ச் காக்கை இறுக்கி, மட்டத்தில் ஒரு நூல் கட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். நூலுக்குக் கீழே நீர் போயிருந்தால் கசிவுதான். விரிசல் நுனியில் இருந்தால் 2 செ.மீ. வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். நடுவில் என்றால் மாற்றியே ஆக வேண்டும்.

பழைய ரப்பரின் உள்விட்டம் 6 மி.மீ., இப்போது போட்டது 8 மி.மீ. சிலிகான். நுனியை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் கண்ணாடி முனையில் எளிதாக ஏறும். உலர்ந்த நிலையில் அழுத்தித் தள்ளினால் முனை உடையும், கையும் கிழியும். சிலிகான் ரப்பரைப் போலக் கவ்விப் பிடிக்காது, கிளிப் கட்டாயம். மெதுவான ஓட்டத்தில் நீரின் அளவு ஆரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது என்பதால் 6க்கும் 8க்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம். தொட்டியை நகர்த்தியபின் மட்டம் நிலைக்கக் காத்திருந்த அலுப்பு போய்விட்டது. பதிலுக்கு, வேகமாக நகர்த்தினால் நீர்மட்டம் ஒன்றிரண்டு முறை மேலும் கீழும் ஆடித்தான் அடங்குகிறது. அலைவு பாடம் இலவசம்.

நிரப்பும்போது குழாயின் வளைவில் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் மட்டம் தயங்கித் தயங்கி, பிறகு சட்டென்று குதிக்கும். தொட்டியை உயர்த்திப் பிடித்துக் குழாயை விரலால் அமுக்கி அமுக்கி விட்டால் குமிழி ஏறி வெளியேறும். கண்ணாடியின் உப்புக் கறைக்கு நீர்த்த வினிகர் போதும்.

இவ்வளவு திட்டியபின் நல்லதையும் சொல்ல வேண்டும். அளவீட்டின் சுத்தம் வியக்க வைக்கிறது. காற்று 30 டிகிரியில் இருக்கும்போது 512 கவைக்கு முதல் இடம் 16.1, இரண்டாவது 50.2 என்ற வாக்கில் வரும். வித்தியாசம் 34.1 செ.மீ., வேகம் நொடிக்கு 349 மீட்டர். 331 + 0.6 × 30 என்பதும் 349. தண்ணீரும் கண்ணாடியும் ஒரு துண்டு எஃகும் இந்தப் பதிலைத் தருகின்றன. அளவுகோலின் சுழி குழாய் வாயோடு 3 மி.மீ. ஒத்துப்போகாமல் இருந்தாலும் கவலையில்லை. வித்தியாசம் எடுக்கும்போது சுழிப்பிழையும் முனைத்திருத்தமும் ஒன்றாகக் கழிந்துபோகும். முனைத்திருத்தமே வேண்டுமென்றால் இரண்டாம் நீளத்திலிருந்து முதல் நீளத்தின் மூன்று மடங்கைக் கழித்துப் பாதியாக்குங்கள். 50.2 − 48.3 = 1.9, பாதி 0.95. விட்டத்தின் 0.3 மடங்கு என்ற விதி 0.9 என்கிறது. இங்கே சுழிப்பிழை கழியாது, அது இருந்தால் திருத்தம் தவறும். அதனால் இதை நம்புவதற்கு முன் அளவுகோலைச் சரிபாருங்கள்.

இதைவிடப் பெரிய மகிழ்ச்சி வெப்பப் பாடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒலி செல்லும்போது காற்றின் வெப்பநிலை மாறுவதில்லை என்று வைத்துக் கணக்கிட்டார் நியூட்டன். அவருடைய 'பிரின்சிப்பியா' நூலின் 1713இல் வந்த இரண்டாம் பதிப்பில் கிடைத்தது நொடிக்கு 979 அடி, சுமார் 298 மீட்டர். உண்மையைவிட வெகுவாகக் குறைவு. அழுந்தும் இடத்தில் காற்று சூடாகும், வெப்பம் வெளியேற நேரமில்லை என்று 1816இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் திருத்தினார். 30 டிகிரிக் காற்றுக்கு நியூட்டன் வழியில் 295 வரும், குழாய் தருவது 349. வகுத்து இருமடி எடுங்கள்: 1.4. காற்றின் இரு வெப்ப ஏற்புத்திறன்களின் (மாறா அழுத்தத்தில் ஒன்று, மாறாப் பருமனில் ஒன்று) விகிதம் அது. வெப்பத்தையே தொடாமல் காதால் கேட்டு அந்த எண்ணைப் பிடித்துவிடலாம். இதற்காகவே இந்தக் குழாயைப் பலமுறை மன்னிக்கத் தோன்றும்.

ஆனால் அந்த 349 சும்மா வராது. கெடுக்கும் விஷயங்கள் சில உண்டு.

வெப்பநிலையைச் சுவரில் தொங்கும் வெப்பமானியில் பார்க்காதீர்கள். நூலில் கட்டிக் குழாய்க்குள்ளே மூன்று நிமிடம் தொங்கவிடுங்கள். வெயிலில் சுட்ட தண்ணீரை ஊற்றினால் மேலே உள்ள காற்றும் சூடாகும். 5 டிகிரி கூடினால் வேகம் 3 மீட்டர் கூடும். நீரை முந்தைய இரவே பிடித்து வைப்பது நல்லது. நீரை ஒட்டிய காற்றில் ஈரமும் ஏறிவிடும். 30 டிகிரியில் முழு ஈரக்காற்று உலர்காற்றைவிட ஏறத்தாழ 2 மீட்டர் வேகம் கூட்டும். விடை 351 வந்தால் பதறி 349 என்று திருத்தி எழுத வேண்டாம், 351தான் நேர்மையான விடை.

கவையை மேசை விளிம்பில் தட்டுவது பெரிய தப்பு. கவையும் கோணும், அடிப்படை அதிர்வெண்ணைப்போல் ஆறு மடங்குக்கு மேலான ஒரு கீச்சொலியும் கூடக் கிளம்பும். 256 கவையில் அது 1600 ஹெர்ட்ஸ் அருகே. அதற்கு 4.5 செ.மீ. வாக்கில் ஒரு பொய் ஒத்ததிர்வு உண்டு. 'முதல் ஒத்ததிர்வு 4.5' என்று எழுதிய குறிப்பேடுகளின் ரகசியம் இதுதான். ரப்பர் கட்டையில் தட்டி, ஒரு நொடி விட்டுக் குழாயருகே கொண்டுபோங்கள்.

வாய்க்கு மேலே 1 செ.மீ. இடைவெளியில், கிளைகள் மேலும் கீழுமாக அதிரும்படி பிடிக்க வேண்டும். கவையைக் காதருகே வைத்துத் தன் அச்சில் ஒருமுறை முழுக்கச் சுழற்றிப் பாருங்கள், நான்கு இடங்களில் ஒலி அடங்கிப்போகும். அந்த ஊமைத் திசையைக் குழாய்க்குக் காட்டியவர் நீர்மட்டத்தை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் பயனில்லை. கண்ணாடியில் கவை பட்டால் குழாயின் வாய் சிதறும், அரை செ.மீ.க்குள் நெருக்காதீர்கள்.

உச்சத்தைக் காதால் பிடிக்க முயல வேண்டாம். உச்சத்தின் அருகே ஒலி அளவு அவ்வளவாக மாறாது, 2 மி.மீ. இப்படியோ அப்படியோ ஆகிவிடும். ஒலி மங்கத் தொடங்கும் இடத்தை மேலே ஒன்று, கீழே ஒன்று குறித்து நடுவை எடுங்கள். ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை. 34 செ.மீ.யில் 3 மி.மீ. தவறினால் விடையில் 3 மீட்டர் போய்விடும். நீரின் கீழ்வளைவைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் யாரும் குனிவதில்லை.

கவையில் பொறித்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். துருவும் அரமும் பட்ட பழைய கவை 2 ஹெர்ட்ஸ் விலகியிருந்தால் 512இல் அது நொடிக்கு 1.4 மீட்டர் பிழை. கைபேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி இருந்தால் சரிபார்ப்பது ஒரு நிமிட வேலை. கவைக்குப் பதில் கைபேசியையே ஒலிக்கவிடலாமே என்பார்கள். 512இல் நன்றாக நடக்கும், ஒலியும் ஓயாது. ஆனால் குழாய் வாயில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தில் கைபேசியை நீட்டுவது அவரவர் துணிச்சல்.

வாங்கலாமா என்று நண்பர் கேட்டதற்குப் பதில்: இந்த மாதிரியை வாங்காதீர்கள். குழாய் 120 செ.மீ., தொட்டி 1 லிட்டர், உறுதியான வளையத் திருகு, அடியில் பின்ச் காக் உள்ள ஒன்றைத் தேடுங்கள். கண்ணாடி முனைக்கும் அடிப்பலகைக்கும் இடையே குழாய் மடங்காமல் வளைய ஒரு சாண் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவல் கேட்காதீர்கள், தரமாட்டேன். ஐந்துக்கு இரண்டு. 512 கவையோடு நிறுத்திக்கொள்பவர்கள் நாலரை போட்டுக்கொள்ளலாம்.