இரவல், சொந்தம், போன்: வன்னியில் இருந்து ஒரு வருட வாசிப்பு

கடந்த ஒரு வருடத்தில் நான் வாசித்தவை மூன்று வழியாகக் கைக்கு வந்தன: பிரதேச சபை நூலகத்தில் எடுத்த இரவல், காசு கொடுத்து வாங்கியது, போனில் இறக்கியது. வாசித்ததை எழுதி வைக்கும் கொப்பியைப் புரட்டும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒரு புத்தகத்தை எந்த வழியில் தேடுவது என்பதை அந்தப் புத்தகத்தின் வயதும் ஊரும்தான் தீர்மானிக்கின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இது கொழும்பில் இருப்பவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். அதனால்தான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் நூலகம். அங்கத்துவக் காசு பெரிய காசே இல்லை. முதுகில் 894.811 என்று இலக்கம் ஒட்டிய இறாக்கைதான் நான் நேரே போகிற இடம். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கிற டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு உரிய எண் அது. எடுத்த புத்தகத்தின் கடைசித் தாளில் ஒட்டியிருக்கும் துண்டில் திகதி முத்திரை குத்தித் தருவார்கள். இரண்டு கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாசிப்பில் அந்த முத்திரை செய்கிற வேலை பெரிது. காலபோக நெல் விதைப்பு நேரத்தில்கூட, இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது என்ற எண்ணமே இரவு சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தை எடுக்க வைக்கும். இந்த வருடம் தொடங்கி முடித்த நாவல்களில் பெரும்பாலானவை இரவல் எடுத்தவையே. தடித்த நாவல் என்றால் எனக்கு நூலகம்தான் முதல் தெரிவு.

இரவல் புத்தகத்தில் இன்னொரு கொடுப்பினையும் உண்டு. நமக்கு முன்னால் வாசித்தவர் அதில் இருப்பார். பரந்தன் குமரபுரத்து எழுத்தாளரான தாமரைச்செல்வியின் கதைத் தொகுப்பு ஒன்றை எடுத்தேன். ஒரு பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால், சின்ன எழுத்தில், “இது எங்கட வாய்க்கால்” என்று எழுதியிருந்தார்கள். நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது, சரி. ஆனாலும் தன் ஊர்த் தண்ணீரை அச்சில் கண்ட ஒருவருக்குப் பென்சிலை எடுக்காமல் இருக்க முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அந்தப் பக்கத்தை நானும் இரண்டு தரம் வாசித்தேன்.

நூலகத்தின் குறையும் பெரியது. அந்த இறாக்கையில் பழைய புத்தகம் அபூர்வம். இருப்பவற்றில் அநேகமானவை 2009க்குப் பிறகு வந்து சேர்ந்தவை. பரீட்சை வழிகாட்டிகள் நிறைய இடத்தைப் பிடித்திருக்கின்றன. 2008, 2009இல் இறுதிப் போரில் சனம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது நூலகங்களும் வீட்டு அலுமாரிகளும் இருந்தபடியே விடப்பட்டன. அரிசியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடினவர்களால் புத்தகத்தையும் தூக்கியிருக்க முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததைப் பற்றி எல்லோரும் கதைக்கிறோம், கதைக்கத்தான் வேண்டும். வன்னி வீடுகளிலும் சிறு வாசிகசாலைகளிலும் போனவை அந்த அளவுக்குக் கதைக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தை நான் உணர்ந்தது வாசகனாக, இறாக்கைக்கு முன்னால் நின்று தேடும்போதுதான்.

வாங்குவது அடுத்தது. கிளிநொச்சியில் புத்தகக்கடை என்றால் பெரும்பாலும் பாடசாலைப் பொருட்கள்தான். இலக்கியம் வேண்டுமென்றால் ஏ9 வீதியால் கிட்டத்தட்ட 70 கிலோமீற்றர் யாழ்ப்பாணம் போக வேண்டும். தமிழ்நாட்டுப் பதிப்பு என்றால் இந்திய ரூபாய் ஒவ்வொன்றும் இங்கே மூன்றரை ரூபாய்க்குக் கிட்ட வருகிறது. அதற்கு மேலே கப்பல் செலவும் கடைக்காரரின் இலாபமும் இருக்கின்றன. 2022 நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிந்தியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு உள்ளூர் அச்சுச் செலவும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதனால் தமிழ்நாட்டு நாவலைச் சொந்தமாக வாங்குவதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். பெயர் கேட்ட நாவலென்றால் கொஞ்சம் பொறுத்திருந்தால் நூலகத்துக்கு வந்துவிடும்.

நம் ஊர் எழுத்தாளரின் புத்தகம் அப்படியில்லை. சொந்தக் காசில் சில நூறு பிரதி அடித்து, மண்டபம் எடுத்து, வெளியீட்டு விழா வைப்பார்கள். முதற்பிரதி, பிறகு சிறப்புப் பிரதிகள். பெயர் கூப்பிட, மேடையில் ஏறி, கடித உறையில் காசைக் கொடுத்துப் பெற்றுக்கொள்வது வழக்கம். அந்தப் பின்னேரம் தவறினால் அந்தப் புத்தகத்தைப் பிறகு கடையில் காண்பது கடினம். மிச்சப் பிரதிகள் எழுத்தாளரின் வீட்டு அறையில் இருக்கும், கேட்டுப் போனால் சந்தோசமாகத் தருவார். அது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. ஆகவே வாங்குகிற காசு முழுவதையும் இந்த விழாக்களுக்கென்று ஒதுக்குவதுதான் நியாயம் என்பது என் துணிபு. உறையில் வைக்கும் காசு அடுத்த புத்தகத்தின் அச்சுக்கூலி.

மூன்றாவது போன். இதற்குள்ளேயே இரண்டு வகை இருக்கின்றன. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைக்கிற, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தருவது தட்டச்சுச் செய்த பாடம். எழுத்தைப் பெரிதாக்கலாம், சொல்லைத் தேடலாம். முல்லைப்பாட்டு 103 அடிதான், பஸ்ஸில் போகிறபோதே வாசித்து முடிந்தது. காடும் மழையும் காத்திருப்பும் வருகிற அந்தப் பாட்டை மாங்குளத்துக் காட்டுப் பக்கம் ஜன்னலோரம் இருந்து வாசிக்கக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். குறுகிய, பழைய, செய்யுளான எதற்கும் இந்த வழி நல்லது.

மற்றது 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையத்தளம். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, நூலக எண், வெளியீட்டாண்டு, பக்கத்தொகை எல்லாம் போட்டு இலவசமாக வைத்திருக்கிறார்கள். வாசிப்பது சுகமில்லை. தாள் மஞ்சளித்திருக்கும், மறுபக்கத்து மை ஊறித் தெரியும். இரண்டு பத்தியாக அச்சிட்ட சஞ்சிகை என்றால் இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு பத்தியின் அடி வரை இறங்கி, திரும்ப மேலே ஏறி அடுத்த பத்திக்குப் போக வேண்டும். அரை மணித்தியாலத்தில் கண் களைத்துவிடும். முகப்பில் ஏதாவதொரு பாடசாலையின் வட்ட முத்திரையோ பழைய சொந்தக்காரரின் கையெழுத்தோ இருக்கும்.

இருந்தும் இந்த வருட வாசிப்பில் எனக்கு மிக வேண்டியது இதுதான். 1970களில் இந்தியச் சஞ்சிகை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது ஈழத்துப் பதிப்பு எழும்பியது. வீரகேசரிப் பத்திரிகையின் பிரசுரங்கள் மலிவு விலை நாவல்களாக ஊர் ஊராகப் போயின. முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்பைக் களமாக வைத்து அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973இல் அப்படி வந்ததுதான். அந்தக் காலத்துப் பிரதி ஒன்று வன்னியில் யாரிடம் மிஞ்சியிருக்கும்? 1966 முதல் 2012 வரை டொமினிக் ஜீவா நடத்திய மல்லிகையின் பழைய இதழ்களும் அப்படியே. எங்கள் இறாக்கையில் இல்லாத காடும் குளமும் எங்கோ ஒருவர் காப்பாற்றி வைத்த பிரதியில் இருந்து என் போனுக்கு வருகின்றன. கண் எரிச்சலைப் பொறுத்துக்கொள்ள இதைவிட வேறு காரணம் எனக்கு வேண்டாம்.

மாரிக்காலத்தில் கரண்ட் போனால் விளக்கு வெளிச்சத்தில் புத்தகம்தான் தாங்கும். சார்ச் குறைந்த போனை வெள்ளச் செய்திக்காக மிச்சம் பிடிக்க வேண்டும். ஆனால் மாரியில் சொந்தப் புத்தகத்தைக் கறையானிடம் இருந்து காப்பது தனி வேலை, அந்தத் தொல்லை போனுக்கில்லை. இரவல் கொடுத்து வாங்குவதில் புத்தகத்துக்கு நிகர் கிடையாது. அம்மா போனில் ஒரு பக்கம்கூட வாசிக்க மாட்டார்; வெளியீட்டு விழாவில் வாங்கி வந்த புத்தகத்தை எனக்கு முதல் அவரே முடித்துவிடுகிறார்.

ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வருகிறது. எங்கள் நூலகர் வாங்க வேண்டிய நூல்களின் பெயரை வாசகரிடம் கேட்டு எழுதுகிறவர். தமிழ்நாட்டு நாவல்களைக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள், அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் கொடுக்கிற தாளில் திரையில் வாசித்த வன்னி நாவல்களில் மறுபதிப்பு வந்தவையும், விழாவில் வாங்கிய உள்ளூர்ப் புத்தகங்களும்தான் இருக்கும். உள்ளூர்ப் புத்தகங்களுக்கு எழுத்தாளரின் தொலைபேசி இலக்கத்தையும் அவரிடம் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தால், மிச்சப் பிரதி தீர முன்னம் நூலகம் நேரே வாங்கிவிடலாம்.