லெட்டர்ஹெட் கேட்டு வரும் அனுசரணையாளர்: கொழும்புச் சமூக அமைப்புகளுக்கு ஓர் எச்சரிக்கை

கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் இலவச வகுப்பு நடத்தும் அமைப்புகளும் சனசமூக நிலையங்களும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். சமூகப் பொறுப்புத் திட்டம் என்று சொல்லி வந்த ஒரு வியாபார நிறுவனம் எங்கள் அமைப்பை ஏமாற்றிவிட்டது.

கணினி அறைக்குப் பாவித்த மடிகணினிகள் 20 தருவதாகப் பேச்சு. ஒன்றின் விலை 80,000 ரூபாய், பாதி அவர்களுடைய பங்கு என்றார்கள். எங்கள் பங்கான 8 லட்சத்தில் பாதியை முற்பணமாக வாங்கினார்கள். கூடவே, "இவர்கள் எமது பங்காளர்" என்று எங்கள் லெட்டர்ஹெட்டில் இறப்பர் முத்திரையுடன் ஒரு கடிதமும் பெற்றுக்கொண்டார்கள். வந்து சேர்ந்தவை 9. பலவற்றில் பற்றரி செத்திருந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டி வெள்ளவத்தைக் கடைகளில் எங்கள் பெயரில் நன்கொடையும் சேர்த்திருக்கிறார்கள். பணம் போனதைவிட அதுதான் பெரிய சேதம்.

முதலில் பதிவைப் பாருங்கள். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். தனியார் கம்பனி என்றால் பெயரின் முடிவில் (பிரைவேட்) லிமிடெட் இருக்கவேண்டும். வெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு என்றால் சட்டத்தின் முன் அது உரிமையாளரிலிருந்து வேறான ஆளல்ல, பொறுப்பு உரிமையாளருடையது. அப்படியானால் அவருடைய அடையாள அட்டைப் பிரதி இல்லாமல் கையொப்பமிடவேண்டாம். கம்பனியானால் பணிப்பாளர் விபரம் உள்ள படிவம் 15, பிறகு மாற்றம் நடந்திருந்தால் படிவம் 20 இரண்டையும் கேளுங்கள். உங்களோடு பேசுகிறவரின் பெயர் அவற்றில் இல்லையென்றால், கையொப்பமிடும் அதிகாரம் தந்த பணிப்பாளர் சபைத் தீர்மானத்தைக் கேட்கவேண்டும்.

வங்கிக் கணக்கின் பெயரும் பதிவுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். எங்களுக்குத் தந்தது ஒரு தனிநபரின் கணக்கு இலக்கம். விலைமனுவில் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) சேர்த்திருந்தார்கள், வற் பதிவு இலக்கமோ இல்லை. வற் பதிவில்லாதவர் அந்த வரியை அறவிடவே முடியாது.

"பாதி எங்கள் பங்கு" என்ற பேச்சை அப்படியே நம்பவேண்டாம். அதே மொடல், அதே தலைமுறைப் புரொசசருக்கு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மூன்று விலைமனு எடுங்கள். சந்தை விலையே 40,000 என்றால் அவர்கள் ஒரு சதமும் போடவில்லை.

முற்பணம் தவிர்க்கமுடியாதென்றால் வங்கி உத்தரவாதம் (அவர்கள் சொன்னபடி பொருள் தராவிட்டால் பணத்தை வங்கி தரும் என்ற எழுத்து) கேளுங்கள். இல்லையேல் பொருளை எண்ணி, ஒவ்வொன்றின் தொடர் இலக்கத்தையும் எழுதி, இயக்கிப் பார்த்த பிறகே அந்தத் தொகுதிக்கு மட்டும் பணம். பற்றரியின் ஆரம்பக் கொள்ளளவையும் இப்போது ஏறும் அளவையும் விண்டோசின் பற்றரி அறிக்கை காட்டும். பாதிக்குக் கீழே போயிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கடிதம் கொடுத்தே ஆகவேண்டுமா? யாருக்கு, எதற்கு, எந்தத் திகதிவரை என்று எழுதி, "இதைக் காட்டி நன்கொடை சேர்க்க அனுமதியில்லை" என்ற வரியையும் சேருங்கள். "சம்பந்தப்பட்டவருக்கு" என்று மட்டும் ஒருபோதும் எழுதவேண்டாம். ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் கடிதத்தை இரத்துச் செய்வதாகப் பதிவுத் தபாலில் அறிவித்து, அதன் பிரதியோடு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். பொருள் பற்றிய முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.