சீட்டில் எழுதியது ஒன்று, மெடிக்கலில் கொடுத்தது வேறொன்று: மூக்கு ஸ்ப்ரே வாங்குபவர்கள் கவனத்துக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர் என் அப்பா. பல வருஷமாகப் பஞ்சுத் தூசிக்கு நடுவிலேயே இருப்பவர். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் தண்ணீர், ராத்திரி ஆனால் அடைப்பு. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். அலர்ஜிதான் என்று சொல்லி, ஃபுளூட்டிகசோன் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். "தினமும் அடிக்கணும், விட்டு விட்டு அடிக்கக் கூடாது. கேட்கிறது தெரியவே சில நாள் ஆகும், பொறுமையா இருங்க" என்றும் சொன்னார். அப்பா பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்பது அந்தச் சீட்டிலேயே மேலே எழுதியிருந்தது.

வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் அந்தச் சீட்டை நீட்டியிருக்கிறார். ஃபார்மசிஸ்ட் இல்லை. கவுண்டரில் நின்ற பையன், "இது ஸ்டாக் இல்லீங்கய்யா. இதும் அதே மூக்கு ஸ்ப்ரேதானுங்க. அது மெதுவாத்தான் கேக்கும், இது அடிச்சதும் மூக்கு திறந்துரும், விலையும் கம்மி" என்று சொல்லி இன்னொன்றைக் கொடுத்திருக்கிறான். பெட்டியின் மேல் பேனாவால் 1-1-1 என்று எழுதியும் கொடுத்தான். பில் கேட்டதற்கு, "நம்ம கடைக்கு எதுக்குங்கய்யா பில்லு" என்றானாம்.

அவன் கொடுத்தது ஆக்ஸிமெட்டசோலின். இரண்டுமே மூக்கில் அடிக்கிற மருந்துதான், ஆனால் செய்கிற வேலைக்குச் சம்பந்தமே இல்லை. ஃபுளூட்டிகசோன் என்பது ஸ்டீராய்டு. மூக்கின் உள்சவ்வில் அலர்ஜியால் வந்த வீக்கத்தை மெல்ல மெல்ல ஆற்றும். ஆக்ஸிமெட்டசோலின் அந்தச் சவ்வின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சில நிமிஷத்தில் மூச்சு தாராளமாக வரும். அதனால்தான் நம்பிக்கையும் வந்துவிடுகிறது. சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாள் போட்டு நிறுத்துவதற்கான மருந்து அது. அதற்கு மேல் இழுத்தால், மருந்தின் வேகம் குறைந்ததும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக விரிந்து வீங்கும். அந்த அடைப்பைத் திறக்க மறுபடி அதையே அடிக்க வேண்டி வரும். அதோடு, பிரஷர், இதய நோய், கண் அழுத்தம், ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சீட்டில் பிரஷர் என்று எழுதியிருந்தும் இதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

முதல் வாரம் அப்பாவுக்குச் சந்தோஷம். "நல்ல மருந்துடா, தும்மல் வந்தாலும் அடைப்பே இல்லை" என்று போனில் சொன்னார். கொஞ்ச நாளில் மூன்று வேளை போதவில்லை. தலையணைக்கு அடியில் ஒரு பாட்டில், டிபன் பையில் ஒரு பாட்டில் என்றாகிவிட்டது. கடையில் கேட்ட போதெல்லாம் கொடுத்தார்கள். எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன். ராத்திரி முழுக்க வாயாலேயே மூச்சு, நாக்கு ஒட்டிக்கொண்டு எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறார், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண் அசருகிறார். பிரஷர் பார்த்தால் மாத்திரை போட்டும் ஏறியிருந்தது.

மறுநாளே அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். கையில் இருந்த பாட்டிலை வாங்கிப் பார்த்ததுமே, "இதை நான் எழுதவே இல்லையே" என்றார். உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் சதை சிவந்து வீங்கி வழியையே அடைத்திருந்தது. மருந்தாலேயே வந்த அடைப்பு. பிரஷர் ஏறியதற்கும் இதற்குப் பங்கு இருக்கலாம் என்றார். முதலில் ஒரு பக்க மூக்குக்கு நிறுத்தி, அது சரியான பிறகு மறுபக்கம் நிறுத்தச் சொன்னார். கூடவே, முதலில் எழுதிய அதே ஃபுளூட்டிகசோன், உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே. நிறுத்திய ஆரம்ப நாட்களில் அப்பா பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது நன்றாகத் தூங்குகிறார்.

ஸ்டீராய்டு என்றதும் பயந்து நடுவில் விடாதீர்கள். சொன்ன அளவில் அடித்தால் மூக்கு ஸ்ப்ரேயிலிருந்து உடம்புக்குள் போவது மிகக் குறைவு. தலையை லேசாகக் குனிந்து, ஸ்ப்ரேயின் நுனியை மூக்கின் நடுத்தண்டின் பக்கம் திருப்பாமல் வெளிப்பக்கம் காது திசையில் வைத்து அடிக்க வேண்டும். உறிஞ்சி இழுத்தால் தொண்டைக்குப் போய்விடும்.

கடையில் வாங்கியதும் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று இருந்தால் அது குழாய் சுருக்கும் ரகம். சின்னக் குழந்தை உள்ள வீடு என்றால் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இந்த ரக மூக்கு, கண் மருந்துகளை ஒன்றிரண்டு மில்லி விழுங்கினாலே குழந்தைக்கு மயக்கம், நாடித் துடிப்பு குறைதல் வரை போகும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-இலேயே எச்சரித்திருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளில் 65-ஆவது விதிப்படி, ஷெட்யூல் எச் மருந்து (டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்து) எழுதிய சீட்டுக்குக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வேறு மருந்தை மாற்றித் தர முடியாது. பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் மேற்பார்வையில்தான் சீட்டு மருந்தைக் கொடுக்க வேண்டும். "ஸ்டாக் இல்லை" என்றால் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். "அதேதான் இது" என்று அவர்கள் சொன்னால், டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்ட பிறகு வாங்குங்கள்.

கடைக்குப் போய்க் கேட்டோம். முதலாளி, "பையன் தெரியாம கொடுத்துட்டானுங்க, காசைத் திருப்பித் தந்துடறேன்" என்றார். காசு வேண்டாம், கவுண்டரில் ஃபார்மசிஸ்டை உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். பேனா எழுத்தோடு இருக்கும் பெட்டி, பேட்ச் நம்பர் தெரிகிற பாட்டில், டாக்டர் சீட்டின் நகல் மூன்றையும் வைத்து மருந்து ஆய்வாளரிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மாநிலத் தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, அங்கேயும் ஒரு நகல் அனுப்பியாகிவிட்டது. புகார் கொடுக்கப் போன இடத்தில் முதலில் கேட்டது, "பில் இருக்கா?"