வெளிப்புற விறகுக் கொதிகலனுக்கு குருண்ட்ஃபோஸ் யுபிஎஸ் 15-58

கனடாவின் ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களிலும் வீட்டைச் சூடாக்குவதற்காக வீட்டிலிருந்து தள்ளி நிற்கும் விறகுக் கொதிகலன்களின் பின்கதவைத் திறந்தால், சிவப்பு நிற குருண்ட்ஃபோஸ் யுபிஎஸ் 15-58 அல்லது பச்சை நிற டாக்கோ 007 பம்பையே பெரும்பாலும் காணலாம். கொதிகலனின் வெந்நீரை வீட்டுக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவரும் பம்ப் குளிர்காலம் முழுவதும் இரவு பகலாக ஓடவேண்டும்; இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பது முதலாவதை. ஆனால், குழாய் சரியாக இருந்தால் மட்டுமே.

யுபிஎஸ் 15-58 மூன்று வேகங்களில் ஓடும். அதன் உச்ச ஹெட், அதாவது குழாயின் உராய்வை எதிர்த்துத் தள்ளும் திறன், ஏறத்தாழ 19 அடி. 007-க்கு அது சுமார் 10 அடிதான். கொதிகலன் வீட்டை ஒட்டியே இருந்தால் 007 தாராளமாகப் போதும். பழுதானால் உள்ளே சுழலும் பகுதியான கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் நல்ல வசதி.

நூறு அடி தள்ளி நிற்கும் கொதிகலன் என்றால் கணக்கே வேறு. போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் இடையே 20 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்ப வேறுபாட்டில் மணிக்கு 80,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் வீட்டுக்கு வர, நிமிடத்துக்கு 8 கேலன் தண்ணீர் ஓடவேண்டும். போக வர 200 அடி நீளமுள்ள ஒரு அங்குல பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாயில் அந்த ஓட்டத்துக்கு உராய்வு மட்டுமே 19 அடியைத் தொட்டுவிடும்; நீரின் வெப்பத்தை வீட்டுக்குக் கொடுக்கும் வெப்பப் பரிமாற்றிக்கு எதுவும் மிஞ்சாது. ஒன்றேகால் அங்குலக் குழாயில் அதே உராய்வு 7 அடி அளவுக்கு இறங்கிவிடுவதால், இந்தப் பம்ப் நிம்மதியாக வேலை செய்கிறது. ஓட்டம் இரட்டிப்பானால் உராய்வு மூன்றரை மடங்குக்கு மேல் ஏறுவதால், ஒல்லியான குழாயைப் புதைத்துவிட்டுப் பெரிய பம்பைத் தேடுவது வீண் செலவு. ஓட்டம் குறைந்து, திரும்பி வரும் தண்ணீர் 140 டிகிரிக்குக் கீழே போனால், கொதிகலனில் விறகு எரியும் அறையின் சுவரில் ஈரமும் கிரியோசோட் என்ற புகைத் தாரும் படிந்து இரும்பை அரிக்கத் தொடங்கும் என்பதால் இது கொதிகலனின் ஆயுளையும் பாதிக்கும் விஷயம்.

மின்செலவைப் பொறுத்தவரை, மூன்றாம் வேகத்தில் 87 வாட், இரண்டாவதில் 80, முதலாவதில் 60. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவதால் பெரிய சேமிப்பு இல்லை. போகும் குழாயிலும் வரும் குழாயிலும் வெப்பமானி வைத்து, வேறுபாடு 20 டிகிரியைத் தாண்டாதவரை குறைந்த வேகத்திலேயே ஓடவிடலாம்.

பம்பைக் கொதிகலனின் பின்புறம், நீர்மட்டத்துக்கு நன்றாகக் கீழே, வெளியேறும் குழாயில் பொருத்துங்கள். இது காற்றுக்குத் திறந்த அமைப்பு; உயரத்தில் வைத்தால் சூடான நீர் பம்புக்குள்ளேயே ஆவிக்குமிழியாகி, சரளைக்கல் உருளுவது போன்ற சத்தம் கேட்கும். உள்ளே ஓடும் தண்ணீரே பேரிங்குக்கு மசகு என்பதால், துருத்தடுப்பு மருந்தின் அளவை ஆண்டுதோறும் சோதிப்பது அவசியம். பம்பின் இருபக்கமும் அடைப்பு வால்வு உள்ள ஃபிளாஞ்சுகளை (பம்பைக் குழாயோடு போல்ட்டால் இணைக்கும் விளிம்புகள்) கட்டாயம் வாங்குங்கள். உறைபனியில் பம்ப் நின்றுபோனால், கொதிகலன் நீர் முழுவதையும் வடிக்காமல் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி மாற்றிவிடலாம்.