காவடி இறக்கிய பின் எழுந்த கை: காத்ர் போர்னில் ஓர் இயன்முறைச் சிகிச்சையகம்

இவ்வாண்டு தைப்பூசத்தன்று மொரீஷியஸின் கோர் தெ கார்ட் மலைக்கோயிலில் காவடியை இறக்கி வைத்த சில நொடிகளில், என் இரண்டு கைகளும் நான் தூக்காமலேயே பக்கவாட்டில் மெல்ல எழுந்து தோள் உயரத்தில் நின்றன. அருகிலிருந்த அத்தை, "முருகன் இன்னும் உன் தோளைவிட்டு இறங்கலைப்பா" என்று சொல்லித் திருநீறு பூசினார். எனக்கோ நரம்பில் ஏதோ கோளாறு என்ற அச்சம் ஒரு வாரமாகியும் நீங்கவில்லை. அதனால்தான் காத்ர் போர்ன் நகரிலுள்ள இந்தச் சிகிச்சையகத்துக்குச் சென்றேன்.

இயன்முறை மருத்துவர் முதலில் என் கைகளின் வலிமையையும் தொடுவுணர்வையும் பொறுமையாகச் சோதித்தார். காவடியை எப்படிப் பிடித்திருந்தேன் என்று கேட்டார். வளைவு சாயாதிருக்க அதன் இரு பக்கங்களையும் உள்ளிருந்து வெளிப்புறமாக அழுத்திக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். உடனே என்னைக் கதவு நிலைக்குள் நிறுத்தி, இரு புறங்கைகளாலும் மரச்சட்டத்தை ஒரு நிமிடம் வெளிநோக்கித் தள்ளச் சொன்னார். பிறகு முன்னே வந்து கைகளைத் தளரவிட்டேன். ஓரிரு நொடிகள் ஒன்றும் நிகழவில்லை. அதன்பின் கைக்கடிகாரம் என் கண்ணெதிரே மேலேறியது. கைக்கு எடையே இல்லாததுபோல் இருந்தது.

இதை 1915இல் விவரித்த ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் ஆஸ்கர் கோன்ஸ்டாமின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது என்றும், தசையை நெடுநேரம் விடாமல் இறுக்கினால் நாம் நிறுத்திய பிறகும் நரம்பு மண்டலம் சிறிது நேரம் அத்தசையை இயக்கிக்கொண்டிருக்கும் என்றும், நாமாகச் செய்யும் முயற்சியின் உணர்வு அதில் இல்லாததால்தான் கை மிதப்பதாகத் தோன்றுகிறது என்றும் விளக்கினார். எல்லோருக்கும் இது வருவதில்லையாம். விரும்பினால் கையை நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்திப் பார்த்தேன், நின்றது. அன்று கோயில் படியேறும்போது எனக்குக் கெண்டைக்காலில் வந்த சதைப்பிடிப்போ முற்றிலும் வேறு: அது வலிக்கும், தசை கட்டியாக இறுகும், நினைத்த மாத்திரத்தில் விடாது, காலை நீட்டி இழுத்தால் தளரும். இப்படி எதையும் அழுத்தித் தள்ளாதபோதே கை தானாக அசைந்தாலோ மரத்துப்போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்றும் எச்சரித்தார். அத்தை சொன்னதைத் தெரிவித்தபோது அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறைகளும் உண்டு. நான்கு மணிக்கு வரச்சொல்லி நாற்பது நிமிடம் காக்க வைத்தார்கள். பயிற்சித் தாள் பிரெஞ்சில் மட்டுமே இருக்கிறது. கிரியோல் மட்டும் பேசிப் பழகிய முதியவர்களுக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். 45 நிமிடத்துக்கு 1,200 ரூபாய் வாங்கினார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. மீண்டும் வரவேண்டும் என்று வற்புறுத்தவுமில்லை. அத்தையின் தோள்வலிக்காக வரும் செவ்வாய்க்கிழமைக்கு அங்கேயே நேரம் வாங்கியிருக்கிறேன்.