கருவின் கழுத்துக்குப் பின்னால் நீர்: ரத்தமா, நஞ்சுத் திசுவா, பனிக்குட நீரா?

பன்னிரண்டாம் வார ஸ்கேனில் "கழுத்துக்குப் பின்னாடி நீர் கூடுதலா இருக்கு" என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: "ரத்தத்திலேயே பார்த்துடலாம்ல, வயித்துல ஊசியெல்லாம் எதுக்கு?" மதுரையில் அதற்கு அலையவும் வேண்டாம். கையில் ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வசதிதான். ஆனால் எல்லா அளவுக்கும் அந்த ரத்தம் பதில் சொல்லாது.

முதலில் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். கழுத்து நீரை அளக்கும் இந்த என்டி ஸ்கேனை 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுப்பார்கள். அதில் 3.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் வருவது நூற்றில் ஒரு கருவுக்குத்தான். அதே இடத்தில் தடுப்புச் சுவர்களோடு நீர்ப்பை போலத் தெரிந்தால் அது சிஸ்டிக் ஹைக்ரோமா. அப்படி இருக்கும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறு இருக்கும்: டவுன், எட்வர்ட்ஸ், டர்னர்.

என்ஐபிடி என்கிற ரத்தப் பரிசோதனை டவுனைக் கிட்டத்தட்ட 99 சதவீதம் பிடித்துவிடும். டர்னரில் அந்த நம்பகம் இல்லை. நூனன் போன்ற மரபணுக் கோளாறுகளை வழக்கமான என்ஐபிடி தேடுவதே இல்லை. தாயின் ரத்தத்தில் அது பார்க்கும் டிஎன்ஏ துணுக்குகளும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை, குழந்தையிடமிருந்து நேரடியாக அல்ல. அளவு 3-க்குக் கீழே, மற்றபடி ஸ்கேன் சுத்தம் என்றால் இதில் தொடங்கலாம். 3.5-ஐத் தாண்டியவர்கள் 'லோ ரிஸ்க்' என்று வந்த தாளைப் பார்த்து நிம்மதியாகிவிடுவதுதான் எனக்குப் பயம். காசும் போய், வாரமும் போய்விடும்.

சரி, ஊசி என்றால் எந்த ஊசி? நஞ்சுத் திசு எடுக்கும் சிவிஎஸ் 11 முதல் 14 வாரத்துக்குள் முடிந்துவிடும். வயிறு வெளியே தெரியும் முன் பதில் கையில் இருக்கும் என்பது சின்ன விஷயமில்லை. பெரிய ஹைக்ரோமா தெரிந்து, பழகிய கை கிடைத்தால் நான் இதையே சொல்வேன். குறை ஒன்று உண்டு: நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நஞ்சில் ஒரு குரோமோசோம் கணக்கும் குழந்தையிடம் வேறு கணக்கும் இருக்கும். அப்போது மறுபடி பனிக்குட நீர்தான் எடுக்க வேண்டும்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து ரிப்போர்ட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் பதினான்கு வாரம் ஓடிவிட்டது என்றால் பனிக்குட நீர் எடுக்கும் ஆம்னியோதான் வழி. 15 வாரம் முடிந்த பிறகு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் 15–20 மி.லி. நீர் எடுப்பார்கள். அந்த நீரில் மிதப்பவை குழந்தையின் செல்களே. அவசரப்பட்டு 15 வாரத்துக்கு முன் எடுத்தால் கரு கலையும் வாய்ப்பும் கால் வளைந்து பிறக்கும் வாய்ப்பும் கூடும். உரிய நேரத்தில், அனுபவமுள்ளவர் எடுத்தால் கலையும் வாய்ப்பு இருநூறில் ஒன்றுக்கும் குறைவு. பழகிய கைகளில் சிவிஎஸ்ஸுக்கும் ஏறத்தாழ அதே கணக்குதான், ஆக அந்தப் பயத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

நாளைக் கணக்கிடுங்கள். டவுன் போன்ற முக்கியமானவற்றுக்கு விரைவு முடிவு இரண்டு மூன்று நாளில் வரும். செல்லை வளர்த்துப் பார்க்கும் முழுக் குரோமோசோம் முடிவுக்கு இரண்டு மூன்று வாரம். குரோமோசோமில் உள்ள நுண்ணிய விடுபடல்களைக் காட்டும் மைக்ரோஅரே சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருவில் பெரிய குறை இருந்தால் 24 வாரம் தாண்டியும் மருத்துவக் குழு கருக்கலைப்புக்கு அனுமதிக்கலாம்தான். ஆனால் அந்த நடையெல்லாம் கர்ப்பிணிக்குப் பெரிய பாரம்.

நம் பக்கம் தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியவர்கள் நிறைய. முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொந்தத்தில் கூடுதலாக வரும் பல நோய்கள் குரோமோசோம் எண்ணிக்கையில் தெரியாது. மரபணுவைப் படித்துப் பார்க்க வேண்டும், அதற்குக் கணவன் மனைவி இருவர் ரத்தமும் தேவைப்படும். எடுத்த திசுவிலோ நீரிலோ மிஞ்சும் டிஎன்ஏவைப் பத்திரப்படுத்தச் சொன்னால் இன்னொரு ஊசி மிச்சம். குழந்தை ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், 1994 சட்டப்படி அதைச் சொல்வது குற்றம்.

தாயின் ரத்தம் நெகட்டிவ் குரூப் என்றால் எந்த ஊசியாக இருந்தாலும் பிறகு ஆன்டி-டி என்கிற தடுப்பு மருந்து போட வேண்டிவரும், குரூப் கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். அப்புறம், நீரில் எல்லாம் சுத்தம் என்று வந்தாலும் 18–22 வாரத்தில் குழந்தையின் இதயத்துக்கு எக்கோ எடுக்காமல் விடாதீர்கள். கழுத்து நீருக்கு இதயக் கோளாறும் ஒரு காரணம், அதை எந்த ஊசியும் காட்டாது.