ஸ்லைடு மறுஆய்வு: காரைக்குடியிலிருந்து பிளாக் கிளம்பும் முன்

நுரையீரல் பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: இன்னும் எத்தனை காலம்? “அப்பச்சிக்கு ஸ்மால் செல்லாம்” என்று, வேகமாகப் பரவும் அந்த நுரையீரல் புற்றின் பெயரைச் சொல்லி, சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போகும். அவர் இணையத்தில் தேடுவார், மாதக் கணக்கு வரும், வீடே உடைந்துபோகும். ஆனால் அந்தக் கணக்கு முழுக்கத் தொங்குவது ரிப்போர்ட்டின் கடைசி வரியில் உள்ள பெயரில். பெயர் மாறினால் கணக்கு தலைகீழாகும்.

அந்தப் பெயரைச் சரிபார்த்துத் தரும் ‘ஸ்லைடு ரிவ்யூ’ சேவையைப் பற்றியது இந்த விமர்சனம். வெளியில் எடுத்த பயாப்ஸியின் ஸ்லைடுகளையும் பிளாக்கையும் (திசுவைப் புதைத்து வைத்த மெழுகுக் கட்டி) பெரிய புற்றுநோய் மையத்தின் பேத்தாலஜி, அதாவது திசு ஆய்வுப் பிரிவு வாங்கி, மைக்ராஸ்கோப்பில் திரும்பப் பார்த்து, தன் கருத்தை எழுதித் தரும். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சி.எம்.சி, மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் இது அன்றாட வேலை. அரிய வகைக் கட்டியோ என்ற சந்தேகம் இருந்தால், அடுத்த ஸ்கேனுக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான்.

காரணம், நுரையீரலில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் (ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் தொடங்குபவை; மெதுவாக வளரும் கார்சினாய்டும் வேகமான ஸ்மால் செல்லும் இதில் அடக்கம்) ஒரே குடும்பம் என்றாலும் குணத்தில் ஏணிவைத்தாலும் எட்டாதவை. கார்சினாய்டு அரிது, நூறு நுரையீரல் புற்றில் ஒன்று இரண்டு இருந்தால் அதிகம். அதில் சாதுவான டிப்பிகல் வகையை முழுதாக அறுவை செய்து எடுத்துவிட்டால் 5 ஆண்டு கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் உயிரோடு இருக்கிறார்கள். சற்று மூர்க்கமான அடிப்பிகல் வகையில் அது அறுபது எழுபதுக்கு இறங்கும். பரவிவிட்ட ஸ்மால் செல்லிலோ, கீமோவோடு இம்யூனோதெரபி சேர்த்துக் கொடுத்தாலும் பாதிப் பேர் சுமார் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். சிகிச்சையும் வேறு. ஸ்மால் செல்லுக்கு பிளாட்டினம், எடோபோசைடு கீமோ. கார்சினாய்டு அந்த கீமோவுக்கு அவ்வளவாக மசியாது. அதற்குக் கத்திதான் மருந்து. பெயர் தவறினால் தேவையில்லாத கீமோ ஏறும், தேவையான அறுவை தள்ளிப்போகும்.

இந்த இரண்டையும் எப்படிக் குழப்ப முடியும்? மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபியில் கிடைப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்கு. கார்சினாய்டு செல் மென்மையானது. கிடுக்கி கடித்து இழுக்கும்போதே நசுங்கிவிடும். நசுங்கிய இடத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஈர மசியை விரலால் இழுத்துவிட்டதுபோல் நீலக் கீற்றுகள் மட்டும் தெரியும். ஸ்மால் செல்லும் நசுங்கினால் அப்படித்தான் இருக்கும். அதே துணுக்கின் ஓரத்தில் நசுங்காத செல் நாலு இருந்தால் கதை வேறு. உட்கருவுக்குள் உப்பும் மிளகும் தூவியதுபோன்ற புள்ளிகள், செல்கள் நாடாவாகவோ ரோஜாப்பூ வட்டமாகவோ அடுக்கியிருக்கும் ஒழுங்கு எல்லாம் தெரியும். அந்த ஓரத்தைத் தேடிப் பார்க்கப் பொறுமை வேண்டும். நல்ல மறுஆய்வுக்குக் கொடுக்கும் காசு அந்தப் பொறுமைக்குத்தான்.

கண்ணால் முடிவு வராதபோது கி-67 சாயம் கைகொடுக்கும். பிரிந்துகொண்டிருக்கும் செல்களை மட்டும் அது பழுப்பாகக் காட்டும். டிப்பிகல் கார்சினாய்டில் நூறு செல்லுக்கு ஐந்துக்குள் இருப்பது வழக்கம், அடிப்பிகலில் பெரும்பாலும் இருபதுக்குள். ஸ்மால் செல்லில் பாதிக்கு மேல். பல சமயம் எண்பது தொண்ணூறு. நசுங்கிய துணுக்கிலும் இது ஓரளவு தெரியும் என்பதே இதன் அருமை. சைனாப்டோபைசின், குரோமோகிரானின் என்ற வேறு இரண்டு சாயங்கள் ‘பாசிட்டிவ்’ என்பதை மட்டும் வைத்து ஸ்மால் செல் என்று முடிவு கட்டியிருந்தால் அது போதாது. அவை இந்தக் குடும்பம் முழுவதிலும் பாசிட்டிவ் ஆகும். கி-67 இல்லாத ரிப்போர்ட்டைக் கண்டால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எந்த நோயாளிக்கு இந்தச் சேவை அவசியம்? புகையே பிடிக்காதவர், இளம் வயது, ஆஸ்துமா என்று பல ஆண்டு இன்ஹேலர் எடுத்தும் ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இழுப்பு, அவ்வப்போது சளியில் ரத்தம், மூச்சுக்குழாய்க்குள் வழவழப்பான உருண்டைக் கட்டி, போன வருட எக்ஸ்ரேயிலும் அதே நிழல். இவற்றோடு ‘ஸ்மால் செல்’ என்ற ரிப்போர்ட் பொருந்தவே பொருந்தாது. ஸ்மால் செல் வாரக் கணக்கில் வளரும், வருடக் கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. ரத்தம் வந்ததும் டிபி மருந்து தொடங்கி ஆறு மாதம் கழிந்த பிறகு பயாப்ஸிக்கு வருபவர்களும் உண்டு. அந்தப் பழைய படங்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து அனுப்புங்கள்.

மாறாக, நீண்ட காலப் புகைப்பழக்கம், நடு மார்பில் பெரிய கட்டி, முகமும் கழுத்தும் வீங்குதல், உடல் நாளுக்கு நாள் சரிதல் என்றிருந்தால் மறுஆய்வுக்காக கீமோவை நிறுத்தி வைக்கக் கூடாது. அங்கே இரண்டு மூன்று வாரத் தாமதமே ஆபத்து.

இனி அனுப்பும் முறை. முதல் பரிசோதனை நடந்த லேபில் எழுத்து மூலம் கேட்டால் பிளாக்கும் ஸ்லைடுகளும் தருவார்கள். நோயாளியின் அடையாள அட்டை நகல் வேண்டியிருக்கும். ஸ்லைடு மட்டும் போதும் என்று கிளம்பாதீர்கள், ஏற்கெனவே சாயம் ஏற்றிய ஸ்லைடில் புதுச் சாயம் போடுவது கடினம். பிளாக் தர மறுத்தால், சாயம் ஏற்றாத, 3 முதல் 4 மைக்ரான் தடிமனில் வெட்டிய பத்துப் பட்டைகளை, திசு இறுகப் பிடிக்கும் ‘சார்ஜ்டு’ ஸ்லைடில் கேளுங்கள். சாதாரண கண்ணாடியில் கி-67 போன்ற இம்யூனோ சாயத்தின்போது திசு கழன்றுவிடும். வெட்டி மாதக் கணக்கில் வைத்தாலும் சாயம் சரியாகப் பிடிக்காது, அனுப்பும் வாரத்தில் வெட்டச் சொல்வதே சரி. பிளாக்கின் பிளாஸ்டிக் விளிம்பில் எழுதிய எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள். எண் மாறியிருந்தால் பெரிய மையம் வாங்காது. மறுநாள் திரும்ப அலைய வேண்டும்.

செட்டிநாட்டு வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. பிளாக் என்பது பாரஃபின் மெழுகு, 56 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும். சித்திரை மாதத்தில் நிறுத்தி வைத்த காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டை எளிதில் தாண்டும். மெழுகு இளகினால் ஊசி முனையளவு திசு இடம் மாறிவிடும், பிறகு வெட்டுவது பாடு. சின்ன எவர்சில்வர் சம்படத்தில் பஞ்சு வைத்து, கைப்பையில் கொண்டுபோவதே நல்லது. ஐஸ் வேண்டாம். கூரியரைவிட விடியற்காலை பல்லவன் ரயிலில் ஒருவர் போவது மேல், மதியத்துக்குள் எழும்பூர். கூடவே சி.டி. ஸ்கேன் குறுந்தகடு (பிலிம் மட்டும் போதாது), பிராங்கோஸ்கோபி குறிப்பு, புகைப்பழக்கம் பற்றி ஒரு வரி. படத்தைப் பார்க்காமல் துணுக்கை மட்டும் பார்ப்பவருக்கும் அதே நசுங்கிய கீற்றுதான் தெரியும்.

குறைகளும் உண்டு. ‘செகண்ட் ஒப்பீனியன்’ என்ற பெயரில் விற்கப்படும் சில இணைய சேவைகள் கண்ணாடியைத் தொடுவதே இல்லை. பழைய ரிப்போர்ட்டைப் படித்து அதன்மேல் கருத்து எழுதுகின்றன. பெயரே தவறாக இருந்தால் அந்தக் கருத்தும் தவறுதான். பணம் கட்டும் முன் “ஸ்லைடை உங்கள் பேத்தாலஜிஸ்ட் நேரில் பார்ப்பாரா?” என்று கேளுங்கள். இன்னொரு குறை, கருத்து ஒரே வரியில் வருவது. அறுவையில் எடுத்த கட்டி என்றால் 2 சதுர மில்லிமீட்டரில் எத்தனை செல் பிரிவுகள், இறந்த திசு உண்டா என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டுக்குக் கீழே, இறந்த திசு இல்லை என்றால் டிப்பிகல். இரண்டு முதல் பத்து, அல்லது இறந்த திசு இருந்தால் அடிப்பிகல். பத்துக்கு மேல் போனால் கார்சினாய்டே இல்லை. எண் இல்லாத ரிப்போர்ட்டை வைத்து ஆயுள் பேச முடியாது.

சின்னத் துணுக்கில் மட்டும் டிப்பிகலா அடிப்பிகலா என்று அடித்துச் சொல்லக் கேட்காதீர்கள். எண்ணுவதற்கான பரப்பே அதில் இருக்காது. ‘கார்சினாய்டு’ என்று மட்டும் எழுதி நிறுத்துபவர்தான் நேர்மையான பேத்தாலஜிஸ்ட். வகை பிரிப்பது முழுக் கட்டியும் நிணக்கணுக்களும் வெளியே வந்த பிறகு.

வேலை முடிந்ததும் பிளாக்கைக் கேட்டு வாங்கி வந்து பத்திரப்படுத்துங்கள். கார்சினாய்டு பத்தாண்டு கழித்தும் திரும்ப வரக்கூடியது; அப்போது புதுக் கட்டியைப் பழையதோடு ஒப்பிட அந்தத் துண்டு மெழுகு வேண்டும். வெயில் படாத உள்ளறை அலமாரி போதும்.